கடைசி வரிசை

என் அத்தை போன மாதம் இறந்துவிட்டார். அப்பாவுக்கு ஒரே அக்கா. 69 வயது. லால்குடிப் பக்கம் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் 1983 முதல் 2014 வரை சத்துணவு சமைத்தவர். எழுதலாமா வேண்டாமா என்றே இத்தனை நாள் இருந்தேன். நேற்று ஒரு நண்பரின் பதிவில் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டது யார் சாதனை என்று பெரிய சண்டை. 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் நீதிக்கட்சி போட்டது என்கிறார் ஒருவர், 1956-ல் காமராசர் என்கிறார் இன்னொருவர், 1982-ல் எம்.ஜி.ஆர். என்று ஒருவர், முட்டை கொடுத்தது கலைஞர் என்று ஒருவர். எல்லாமே உண்மைதான், எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அத்தனை கமெண்ட்டில் ஒன்றில்கூட அடுப்பு மூட்டியவர்கள் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தைக்கு 26 வயதில் மாமா இறந்துவிட்டார். பிள்ளை இல்லை, புகுந்த வீட்டில் இடமும் இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். அந்தச் சமயத்தில்தான் திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாகுறிச்சியில், 1982 ஜூலை 1 அன்று, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்திருந்தார். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை. தாத்தாவுக்குப் பிடிக்கவே இல்லை. நம்ம வீட்டுப் பொண்ணு ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடப் போறதா என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாராம். மூன்றாம் நாள் அத்தை தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்து, "இதையும் நான்தானேப்பா ஆக்குனேன், சாப்பிடுங்க" என்றாராம். அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டார்.

நான் 1987-ல் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தேன். அத்தை சமைக்கும் பள்ளி, அதனால் எனக்கு ராஜ உபசாரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, முதல் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். அத்தை என் தோளைப் பிடித்துக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். "நீ கடைசியிலதான் நிக்கணும் தம்பி." அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. ஐந்து வருடமும் அப்படியே. எனக்கு முன்னால் எல்லோரும் வாங்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள், நான் பசியோடு நின்றுகொண்டிருப்பேன். அம்மாவிடம் அழுதிருக்கிறேன். சொந்தக்காரப் பிள்ளைக்கு முதலில் போட்டால் ஊர் பேசும், அதனால்தான் என்று அம்மா சொன்னதை ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தவன். காலை எட்டரைக்கெல்லாம் போய்விடுவார். பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று கணக்கு, அமைப்பாளர் அளந்து கொடுப்பார். அதில் கல் பொறுக்கி, களைந்து, உலை வைத்து, பருப்பு வேகவைத்து, காய் நறுக்கி, நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரைக்குள் தயாராக வேண்டும். உதவிக்கு ஒரே ஒரு அக்கா. ஐப்பசி கார்த்திகையில் விறகு நனைந்துவிட்டால் ஊதி ஊதி அடுப்பு எரியாது, அந்தச் சின்ன அறை முழுக்கப் புகை மண்டிக்கிடக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தை மடியில் படுத்தால் புடவையில் புகை வாசம்தான் அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். இன்றைக்கும் எங்காவது விறகடுப்புப் புகை வந்தால் மனசு அத்தையிடம் போய்விடும். ஆனால் அந்தப் புகைதான் அவரைக் கொண்டுபோனது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூச்சுத்திணறல் வந்து அழைத்துப் போனபோது டாக்டர் முதலில் கேட்டது, "வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" இல்லை சார், முப்பது வருடம் விறகடுப்பு என்றேன். தலையை ஆட்டிவிட்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்குக் கேஸ் அடுப்பு வந்தது அத்தை ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போதுதான்.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது நான் ஊரில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு எட்டு போய்வரலாம் வா என்றார் அத்தை. வாசலுக்கு வெளியே நின்று, பிள்ளைகள் காலையில் சாப்பிடுவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பவே இது இருந்திருக்கணும்" என்றார். அப்புறம்தான் அந்தக் கடைசி வரிசையின் கதையைச் சொன்னார்.

எனக்குப் பக்கத்தில் எப்போதும் அதே நாலைந்து பேர்தான் நிற்பார்கள். அது எப்படி என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் அவர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்றார் அத்தை. சாம்பாரில் காயும் பருப்பும் அடியில்தான் தங்கும். எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சம் இருக்கிற கெட்டியை அவர்களுக்குக் கூட ஒரு கரண்டி ஊற்றுவாராம். அவர்களை மட்டும் தனியாக நிறுத்தினால் இதுக இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். "நீயும் நின்னா அதுகளுக்குக் கூச்சமா இருக்காதுல்ல. என் மருமகனும் அங்கதானே நிக்கிறான்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் இன்றைக்கும் என் நெருங்கிய நண்பன். அவனுக்கும் இது தெரியாது, ஃபோனில் சொன்னபோது அழுதுவிட்டான்.

இதைத்தான் சொல்ல வந்தேன். அரிசிக்கு அளவு இருக்கிறது, பருப்புக்கு, எண்ணெய்க்கு, முட்டைக்கு எல்லாம் ரெஜிஸ்டர் இருக்கிறது. எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடவில்லை என்பது எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை, என் அத்தையின் கண்ணில் இருந்தது. அந்தப் பிள்ளை கூசாமல் சாப்பிட வேண்டும் என்கிற யோசனை அவருடையது. அதை எந்த ஆணையும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருந்திருப்பார். அவர்களை "ஆயா" என்று கூப்பிட்டுவிட்டு, அரை நாள் வேலைதானே, சோறு வடிக்கத் தனித் திறமை எதற்கு என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 31 வருடம் வேலை செய்தவருக்குக் கடைசிக் காலத்தில் மாதம் 2,000 ரூபாய் ஓய்வூதியம். இன்ஹேலருக்கும் மாத்திரைக்குமே பாதி போய்விடும். மிச்சத்தில் தீபாவளிக்கு என் மகளுக்குப் பாவாடை எடுத்து வைத்திருப்பார். வேண்டாம் அத்தை என்றால், "எனக்கென்ன செலவு" என்பார். அந்தத் தொகை போதாது. அந்தப் பெண்கள் ஒவ்வொரு முறையும் தெருவில் உட்கார்ந்து கேட்கும்போது, பள்ளிச் சோறு தின்று வளர்ந்த நாம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும். நான் நிற்கிறேன்.

கருமாதி அன்று அப்பா என்னை முதல் பந்தியில் உட்காரச் சொன்னார். மாட்டேன் என்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, நானும் அந்த நண்பனும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். சமையல்காரர் அண்டாவைச் சாய்த்து வழித்து ஊற்றினார். இலையில் முருங்கைக்காயும் கத்தரிக்காயுமாக நிறைய விழுந்தது.