வாதியாகப் போனால் மட்டும் இனிக்கிற கோர்ட்

தம்புச்செட்டித் தெருவில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில், முந்தாநாள் என் கட்சிக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏன் சார், கச்சத்தீவுக்காக இன்டர்நேஷனல் கோர்ட்டுல ஒரு கேஸ் போட்டா என்ன?" ராமநாதபுரம் பக்கத்துக்காரர். இலங்கைக் கடற்படை பிடித்த அவருடைய விசைப்படகு திரும்பி வரவில்லை. நிவாரணம் கேட்டு வழக்குப் போட வந்திருக்கிறார்.

வக்கீல் புத்திக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: மெயின்டெய்னபிளா, அதாவது அந்த கோர்ட்டில் இந்த வழக்கு நிற்குமா? நியாயம் யார் பக்கம் என்பதெல்லாம் அப்புறம். ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் அந்தக் கேள்வி இன்னும் கறார். நம்மூர் சப் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே, "உங்கள் கோர்ட்டுக்கு வருகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்?" என்று ஒரு நாடு திருப்பிக் கேட்கலாம். சம்மதம் இல்லையென்றால் வழக்கு இல்லை.

இந்தியா சம்மதம் சொல்லித்தான் இருக்கிறது, 1974 செப்டம்பரில். ஆனால் சம்மதத்தைவிட விலக்குப் பட்டியல் நீளம். காமன்வெல்த் நாட்டோடு தகராறா, வர மாட்டோம். ராணுவ மோதலா, வர மாட்டோம். எல்லை, தீவு, கடல் பரப்பா, அதற்கும் வர மாட்டோம். கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானது அதே வருடம் ஜூனில். இலங்கை காமன்வெல்த் நாடு, விஷயமோ தீவு. ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு. 2019இல் அந்த சம்மதத்தைப் புதுப்பித்து எழுதிய போதும் பூட்டைக் கழற்றவில்லை.

அந்தப் பூட்டு நமக்கு உதவியதும் உண்டு. 1999 ஆகஸ்டில் பாகிஸ்தான் கடற்படை விமானம் ஒன்றை நம் விமானப் படை சுட்டு வீழ்த்தியது. 16 பேர் இறந்தார்கள். பாகிஸ்தான் ஹேக்குக்கு ஓடியது. நாம் காமன்வெல்த் விலக்கைக் காட்டினோம். அதெல்லாம் காலாவதியான சமாச்சாரம் என்று அவர்கள் வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2000 ஜூனில் 14க்கு 2 என்று, அதிகார வரம்பு இல்லை என்றே தீர்ப்பு. யார் செய்தது சரி என்ற பேச்சே எழவில்லை.

2017இல், உளவாளி என்று பாகிஸ்தான் பிடித்து வைத்திருந்த இந்தியர் குல்பூஷண் ஜாதவுக்கு அந்நாட்டு ராணுவ நீதிமன்றம் தூக்கு விதித்தபோது நாமே அதே கோர்ட்டின் படியேறினோம். தூதரக உறவு பற்றிய வியன்னா ஒப்பந்தத்தோடு ஒரு விருப்ப நெறிமுறை உண்டு; அந்த ஒப்பந்தத் தகராறை இந்த கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அது சொல்கிறது. இரண்டு நாடுகளும் அதில் சேர்ந்திருந்தன. அந்தப் பக்கவாசல் வழியாக உள்ளே போனோம். பத்தே நாளில் இடைக்காலத் தடை, 2019 ஜூலையில் 15க்கு 1 என்று நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு. நமக்காக வாதாடிய வக்கீல் ஹரீஷ் சால்வே வாங்கிய ஒரு ரூபாய் ஃபீஸ் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் ஒரு வாரம் ஓடியது. அதே குழுவில்தான் சிந்து நதி விவகாரத்தில் நடுவர் மன்றம் என்ற பேச்சு வந்ததும், "இவன் யாருடா நமக்குத் தீர்ப்புச் சொல்ல?" என்று ஒருவர் பொங்கினார். ஒரு ரூபாய் மீமை முதலில் அனுப்பியவரும் அவர்தான்.

இதில் நாம் மட்டும் விசேஷம் இல்லை. அமெரிக்கா மீது நிகரகுவா போட்ட வழக்கில் அதிகார வரம்பு உண்டு என்று கோர்ட் சொன்னதும், அமெரிக்கா தன் சம்மதத்தையே வாபஸ் வாங்கிக்கொண்டது.

என்னைக் கேட்டால், இந்தியா உருப்படியாக நடந்துகொண்டது வங்கக் கடல் வழக்கில்தான். வங்கதேசம் நம்மை நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. 2014 ஜூலையில் தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 அவர்களுக்குப் போனது. நாம் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டோம். தோற்ற வழக்கு என்பதால் இங்கே யாரும் பேசுவதில்லை. பெருமைப்பட வேண்டிய இடம் அதுதான் என்பேன்.

கசப்பும் உண்டு. 2012 பிப்ரவரியில் இத்தாலிக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்ட வீரர்களை விசாரிக்கும் அதிகாரம் இந்தியாவுக்கு இல்லை, நஷ்டஈடு மட்டும் உண்டு என்று 2020இல் நடுவர் மன்றம் சொன்னது. பத்துக் கோடி வந்தது, வழக்கு முடிந்தது. உயிர்ப்பலிக்கு அதுதான் விலையா என்று எனக்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது சரிதான். இல்லாவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு இன்னொரு ஜாதவுக்காக அங்கே போய் நிற்பது?

இதையெல்லாம் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தேன்.

"சரி சார், மத்திய அரசு போகாது. நம்ம மாநில அரசு போடலாமில்ல?"

"முடியாதுண்ணே. நாடுகள் மட்டும்தான் அங்க கட்சிக்காரர். தமிழ்நாடு நாடு இல்ல."

அவர் சிரிக்கவில்லை. கச்சத்தீவுக்காக 2008இல் ஜெயலலிதா டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போனது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அத விடுங்க, நம்ம படகு கேஸ் என்னிக்கு வருது?" என்றார்.

கோர்ட்டில் வழக்குக்கு இன்னும் நம்பரே ஆகவில்லை. குறை இருக்கிறதென்று வழக்குக் கட்டு திரும்பி வந்திருக்கிறது. படகின் பதிவுச் சான்று நகலை வைக்க மறந்தது நான்தான்.