அந்தியூரில் விற்ற மயிலைகள்

ஆடி வந்துவிட்டால் போதும், என் போன் முழுக்கக் குதிரைதான். ஈரோடு மாவட்டத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு வந்த குதிரை ஆடுகிறது, தலையாட்டுகிறது, கட்டில் மேல் ஏறி நிற்கிறது. 'இது இத்தனை லட்சமாம்' என்று கீழே ஒரு வரி. கூடவே, திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்ற கதையும் வந்துவிடும். அதைச் சொல்லாமல் எங்கள் பக்கம் பண்டிகை தொடங்காது. குதிரை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பண்டிகையில் கூடும் சந்தை குதிரைச் சந்தை என்று பேரெடுத்ததில்தான் மனசு ஒப்பவில்லை. எனக்கு அது மாட்டுச் சந்தை.

சின்ன வயதில் வண்டி கட்டிக்கொண்டு போவோம். மகமேரு தேரைத் தோளில் சுமந்து புதுப்பாளையம் மடப்பள்ளியிலிருந்து வனக்கோயிலுக்குக் கொண்டு போவார்கள். அந்தக் கூட்டத்தில் தேரின் உச்சியைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. அப்புறம் தேர்க்கடை, பொரி, ராட்டாந்தூரி. தூரியில் ஒரே ஒரு தடவை ஏறினேன். இறங்கியதும் அப்பாரு (அப்பாவின் அப்பா) வேட்டி மேலேயே வாந்தி. அதோடு சரி.

ஆனால் மாடு கட்டியிருக்கும் பக்கம் போய்விட்டால் என்னை வெளியே இழுக்க முடியாது. பர்கூர் மலையிலிருந்து இறங்கிய மாடுகள் செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு நிற்கும். பக்கத்தில் போனாலே முறைக்கும். காங்கேயம் காளைகள் வேறு சாதி, பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவப்பாக இருக்கும், ஆறு மாதத்தில் வெளுத்துவிடும் என்று அப்பாரு சொன்னதை என் மாமன் மகன் நம்பவே இல்லை. அதற்காக நாங்கள் இருவரும் கட்டிப் புரண்ட இடமும் அந்தச் சந்தைதான்.

மாட்டின் வாயைத் திறந்து, வயது தெரிய பல் பார்க்க அங்கேதான் கற்றேன். கீழ்த்தாடையில் ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், அப்புறம் எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது. மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. பிறகு, ராசி பார்க்கச் சுழி. நெற்றி, முதுகு, வால் என்று முடி எங்கே சுழிக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவார்கள். 'சுழி சுத்தமுங்க' என்று தரகர் சொன்னால் வாங்குகிறவர் உடனே இன்னொரு தடவை பார்ப்பார்.

விலை பேசுவதை யாரும் பார்க்க முடியாது, கேட்கவும் முடியாது. தரகர் தோள் துண்டை எடுத்து இரண்டு பேர் கையையும் மூடிவிடுவார். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை ஆயிரம். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒருத்தர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருத்தர் மாட்டைப் பார்ப்பார்.

எனக்குப் பதினோரு வயதில் எங்கள் மயிலை ஜோடியை, அந்தச் சாம்பல் நிறக் காளைகளை, அப்பா அப்படித்தான் விற்றார். உழவுக்கு வாடகை டிராக்டர் வந்துவிட்டது, வண்டிக்கும் வேலை குறைந்துவிட்டது. துண்டுக்கு வெளியே அப்பாவின் முழங்கை மட்டும் அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒருதடவை கையை உருவிக்கொண்டார், மறுபடி நீட்டினார். என்ன விலை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்கியவர் கொண்டுவந்த புதுக்கயிற்றை மாட்டியதும், எங்கள் பழைய பிடிகயிறு இரண்டையும் அப்பா என் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க கண்ணு" என்றார். வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். மடியில் கயிறு கனத்தது, வேர்வையும் சாணியும் கலந்த வாசம். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு என்றால் எல்லோருக்கும் ஒரு பெருமை வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பெருமை மாட்டுக்குத் தீனி போடாது. ஏர் ஓட்டவும் பாரம் இழுக்கவும் தேவைப்பட்டவரை அது கட்டுத்தரையில் நின்றது. அந்த வேலையை மிஷினுக்குக் கொடுத்துவிட்டு, 'சந்தை முன்ன மாதிரி இல்லீங்க' என்று வருத்தப்படுவது கொஞ்சம் அதிகம். எங்கள் வீட்டையும் சேர்த்தே சொல்கிறேன். திரும்ப ஏர் பூட்டுங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஏர் பிடித்த அப்பாவின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தவன் நான். ஆனால் படம் பிடித்துப் போடுகிறவர்கள், கால்படி பாலாவது நாட்டு மாடு வளர்க்கிறவரிடம் வாங்குங்கள். கன்று அங்கே நிற்க அதுதான் வழி. லைக்கை வைத்து ஒரு கட்டுச் சோளத்தட்டுகூட வாங்க முடியாது.

போன ஆடிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கொம்புக்குக் குப்பி, கழுத்துக்குச் சலங்கை என்று ஒரு காங்கேயம் ஜோடி நின்றது. பழக்கதோஷம், நேரே போய் ஒன்றின் தாடையைப் பிடித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பையன் சிரித்தான்.

"ஏனுங்கண்ணா, பல்லெல்லாம் பாக்கறீங்க? இது விக்கறதுக்கில்லீங்க. வேணும்னா போட்டோ எடுத்துக்குங்க."

மகள் எடுத்தாள். படத்தில் என் கை இன்னும் அந்தக் காளையின் தாடைக்குக் கீழேயே இருக்கிறது.