கேட்காமல் ஃபார்மேட் போட யார் உரிமை கொடுத்தது?

லேப்டாப் ஓப்பன் ஆகவில்லை என்று கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மேட் போட்டுவிடுகிறவர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். 8 வருஷமாக ராத்திரி உட்கார்ந்து டைப் அடித்த வினாத்தாள்கள், எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று எழுதி வைத்த குறிப்புகள், எல்லாம் டெஸ்க்டாப்பில்தான். போன வாரம் விண்டோஸ் உள்ளேயே போகாமல் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரைக்கே திரும்பத் திரும்ப வந்து நின்றது. நான் ஊரில் இல்லை. பக்கத்துக் கடையில் கொடுத்திருக்கிறாள். சாயங்காலமே போன், "ரெடிக்கா, புது ஓஎஸ் போட்டாச்சு." ஃபைல் எங்கே தம்பி என்றால், "டேட்டா வேணும்னு நீங்க சொல்லலையே."

இதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

விண்டோஸ் கிளம்பவில்லை என்பது வேறு, ஃபைல் போய்விட்டது என்பது வேறு. விண்டோஸைக் கிளப்பிவிடுகிற பூட் ஃபைல் மட்டும் கெட்டிருந்தால், ஒரு பென் டிரைவில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு அதிலிருந்து கிளப்பினாலே உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், காப்பி எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும், அதையும் அக்காவிடம் கேட்டிருக்கலாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேபிளில் வேறு கம்ப்யூட்டரில் மாட்டியும் பார்க்கலாம். இதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியாததா? ஃபார்மேட் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

இன்னும் சிலர் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டுச் செத்துக்கொண்டிருக்கும்போது அதன் மேலேயே விண்டோஸில் டிஸ்க்கைச் சரிபார்க்கிற செக்டிஸ்க்கை ஓட்டுகிறார்கள். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைச் சரி செய்கிறேன் என்று அதே டிஸ்க்கில் எழுதுகிற வேலைங்க அது, பழுதான டிஸ்க்குக்கு அது கூடவே கூடாது. முதலில் டிடிரெஸ்க்யூ மாதிரி டிஸ்க்கை நகலெடுக்கிற புரோகிராம் ஒன்றை வைத்து வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். நல்லபடி படிக்க முடிகிற பகுதியை அது முதலில் எடுத்துவிட்டு, அப்புறம்தான் கெட்டுப்போன துண்டுகளிடம் (செக்டார்) மல்லுக்கட்டும். ரிப்பேர் எல்லாம் அந்த நகலில் வைத்துக்கொள்ளட்டும்.

அக்காவுடையது பழைய ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டு இல்லாத புது மாதிரி எஸ்எஸ்டியாக இருந்திருந்தால், அழித்த இடத்தைக் காலி செய்கிற டிரிம் என்ற வசதி அநேகமாக எல்லாவற்றையும் துடைத்திருக்கும், தேடவே வழி இருந்திருக்காது. ஊருக்கு வந்ததும் அழிந்த ஃபைல்களைத் தேடி மீட்கிற ஃபோட்டோரெக் என்ற புரோகிராமை ஓட்டினேன், இரண்டு ராத்திரி ஓடியது. அது ஃபைலின் உள்ளடக்க அடையாளத்தை வைத்துத் தேடுவதால் பெயரும் இல்லை, ஃபோல்டரும் இல்லை. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள நம்பருமாக 3,000 வேர்டு ஃபைல்கள். புது விண்டோஸ் மேலே எழுதிய இடத்தில் இருந்தவை மொத்தமாகப் போச்சு.

டியூஷன் முடிந்து பிள்ளைகள் போனதும் அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைக்கிறாள். நேற்று ராத்திரி வரைக்கும் 412 பார்த்திருக்கிறாள், அதில் பாதி திறக்கவே இல்லை.