மணி அடிப்பவளுக்கும் ஆபத்து இருக்க வேண்டும்

யங் அடல்ட் டார்க் ஃபேண்டஸி, அதாவது பதின்வயதினருக்கான இருண்ட மாயக்கதை, என்று வருகிற பல நாவல்களில் இருட்டு அட்டையோடு நின்றுவிடுகிறது. கறுப்பு அங்கி, கத்தி, ரத்தம் எல்லாம் இருக்கும். பயம் மட்டும் இருக்காது. நாயகிக்கு மந்திரம் இனாமாகக் கிடைக்கிறது, கைச்செலவு எதுவும் இல்லை. பிறகு எங்கிருந்து பயம் வரும்?

இந்த வகையில் எதைப் படிப்பது என்று யார் கேட்டாலும் ஆஸ்திரேலிய எழுத்தாளர் கார்த் நிக்ஸின் 'சாப்ரியெல்' (1995) நாவலைத்தான் முதலில் சொல்வேன். நாயகிக்கு 18 வயது. செத்தவர்களை எழுப்புவது மற்ற மாந்திரீகர்களின் வேலை. எழுந்தவர்களைத் திரும்பப் படுக்க வைப்பது இவள் குடும்பத்தின் வேலை.

அதற்கான கருவிகளைப் பாருங்கள். மார்புக்குக் குறுக்கே ஒரு தோல்வார், அதில் ஏழு பைகளில் ஏழு கைமணிகள். எல்லாவற்றிலும் சின்னது ரன்னா, அது தூங்க வைக்கும். அடுத்தது மொஸ்ரேல். கிணற்று ஏற்றம் மாதிரி, கேட்பவரை உயிருக்குள் தூக்கினால் அடிப்பவரைச் சாவுக்குள் இறக்கும். கிபெத் செத்தவர்களை நடக்க வைக்கும், பிடி தளர்ந்தால் அடித்தவரின் காலையே இழுத்துக்கொண்டு போகும். ஏழாவது அஸ்டரேல். அதன் ஓசை காதில் விழுந்த எல்லாரும் சாவுக்குள் போவார்கள், அடித்தவரும் சேர்த்து. தவறி ஒலித்துவிடாமல் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டே பையிலிருந்து எடுக்க வேண்டும். அவள் கை பைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நமக்கு மூச்சு நிற்பது இதனால்தான்.

சாவு அங்கே ஒரு குளிர்ந்த ஆறு, ஒன்பது வாசல்கள். அவள் அதில் இறங்கும்போது உடல் இந்தப் பக்கமே நிற்கும், அதன்மேல் உறைபனி படியும். அந்த நேரத்தில் உடலுக்குக் காவல் யார் என்ற கேள்வி ஒரு பக்கச் சண்டைக் காட்சியைவிட அதிகமாக உறுத்துகிறது.

குறையும் உண்டு. காதல் பகுதி அவசரமாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

மற்ற நாவல்கள் பெரும்பாலும் சறுக்குவது விதியை மீறும் இடத்தில். தொடக்கத்தில் 'செத்தவர் திரும்ப முடியாது' என்பார்கள். கடைசியில் காதலனுக்காக மட்டும் அது தளரும். அல்லது விலையை முழுக்கத் தோழியோ தம்பியோ கொடுப்பார்கள், நாயகி அழுதுவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுவாள். புதிதாக ஒன்றை எடுத்தால் முதல் 50 பக்கத்துக்குள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மந்திரம் நடந்ததும் அதைச் செய்தவர் எதை இழந்தார்? விடை கிடைக்காவிட்டால் நான் மூடி வைத்துவிடுவேன்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு: 'சாப்ரியெல்' வரிசையில் அடுத்து வரும் 'லிரெயெல்' (2001), 'அப்ஹார்சன்' (2003) இரண்டும் ஒரே கதை. 'லிரெயெல்' பாதியில் நிற்கும், அதனால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். 'லிரெயெல்' தொடக்கத்திலேயே 14 வயதுப் பெண் உயிரை விட நினைக்கும் பகுதி வருகிறது. பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் அந்த அத்தியாயங்களைத் தாங்கள் படித்த பிறகு கையில் கொடுங்கள்.