பழைய எண், புதிய எண்

(இடம்: சென்னை மண்ணடி, லிங்கிச் செட்டித் தெருவில் முதல் மாடியில் இயங்கும் ஒரு சுங்க முகவர் அலுவலகம். காலை 11 மணி. போன வாரம் வந்த புதுக் கணினியின் முன்னால் தலைமை எழுத்தர் கைகட்டி நிற்கிறார். பிரிண்டர் இணைப்புக் கொடுக்க வந்த இளம்பெண் இன்ஜினியர் தோள்பையை இறக்குகிறார். இருவரும் பேசுவது அந்தத் தெருவில் வழக்கமாகக் கேட்கும் தமிழ் அன்று. தலைமை எழுத்தர் காலமெல்லாம் சுங்கத்துறைக்குக் கடிதம் எழுதியே பழகியவர் என்பதால் வாயைத் திறந்தாலே கடிதமாகத்தான் வரும். எதிரில் நிற்பவருக்கும் சற்று நேரத்தில் அது தொற்றிக்கொள்ளும்.)

தலைமை எழுத்தர்: வாருங்கள் அம்மா. கணினி இங்கே இருக்கிறது, பிரிண்டர் அங்கே இருக்கிறது, நடுவில் பத்தடிகூட இல்லை. ஆயினும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று கணினி சாதிக்கிறது. பிரிண்டரிலோ பச்சை விளக்கு எரிகிறது. இதில் யார் பேச்சை நான் நம்புவது?

இன்ஜினியர்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம், சார். இந்த அலுவலகத்தில் எத்தனை பிரிண்டர்கள் இருக்கின்றன?

தலைமை எழுத்தர்: ஒன்றே ஒன்று.

இன்ஜினியர்: பட்டியலில் மூன்று இருக்கின்றனவே. மூன்றுக்கும் ஒரே பெயர். இரண்டாவதன் வாலில் ‘காப்பி 1’ என்றும் மூன்றாவதன் வாலில் ‘காப்பி 2’ என்றும் இருக்கிறது.

தலைமை எழுத்தர்: (குரலைத் தாழ்த்தி) மெதுவாகப் பேசுங்கள் அம்மா. பில்லில் ஒன்று என்று காட்டிவிட்டு உள்ளே மூன்று இருந்தால் அதற்கு எங்கள் தொழிலில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியாது. ராஜாஜி சாலையில் இருக்கும் சுங்க இல்லம் இங்கிருந்து கூப்பிடு தூரம்.

இன்ஜினியர்: கடத்தல் எதுவும் நடக்கவில்லை, சார். அச்சு வராதபோதெல்லாம் யாரோ அதே பிரிண்டரைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார். விண்டோஸும் மறுப்புச் சொல்லாமல் அதை இன்னொன்றாகவே பதிந்துகொண்டிருக்கிறது. சற்றுப் பொறுங்கள்.

(பிரிண்டரின் பொத்தான்களை அழுத்துகிறார். ஒரு தாள் வெளியே வருகிறது.)

தலைமை எழுத்தர்: அச்சடித்துவிட்டதே! ஒரு வாரமாக நான் பணிவாகக் கேட்டும் அசையாதது, நீங்கள் தொட்டவுடன் கக்குகிறது. இது பாரபட்சம் அல்லவா?

இன்ஜினியர்: இது கணினி வழியாக வந்தது அன்று, பிரிண்டர் தன்னைப் பற்றித் தானே அச்சிட்டுக்கொண்ட விவரப் பக்கம். இதில் அதன் ஐபி முகவரி 192.168.1.14 என்று இருக்கிறது. கணினியில் பதிந்திருப்பதோ 192.168.1.7. கணினி அனுப்புவதெல்லாம் இன்னமும் ஏழுக்குத்தான் போகிறது.

தலைமை எழுத்தர்: அதாவது பழைய எண் 7, புதிய எண் 14. வாசலில் இரண்டு கதவெண்களோடு சென்னையில் வசிப்பவனிடம் இதை இப்படி ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் தபால்காரர் எந்த எண்ணைப் போட்டாலும் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறாரே, இத்தனை விலை கொடுத்து வாங்கிய கணினிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லையா?

இன்ஜினியர்: கட்டட வாசலில் இரண்டு எண்களும் எழுதியிருக்கும், சார். இங்கே எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் ரவுட்டர் பழைய எண்ணை எழுதி வைப்பதில்லை. காலியானதும் அடுத்து வருபவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். (ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்.) இப்போது ஏழாம் எண்ணில் ஒரு கைப்பேசி குடியிருக்கிறது. பெயரைப் பார்த்தால் உங்கள் ஆபீஸ் பையனுடையது போலிருக்கிறது.

தலைமை எழுத்தர்: அப்படியானால் ஒரு வாரமாக நான் அனுப்பிய பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதிப் பத்திரம் முழுவதும் அவன் கைப்பேசிக்கா போய்க்கொண்டிருக்கிறது? அவன் ஓயாமல் அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது.

இன்ஜினியர்: அவர் வேறு எதையோ பார்த்துச் சிரிக்கிறார், சார். அச்சு வேலையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளக் கைப்பேசிக்குத் தெரியாது. அது கதவைத் திறக்கவில்லை, கணினியும் ‘ஆஃப்லைன்’ என்று எழுதிவிட்டது. எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. இந்த ரவுட்டரை யாராவது அணைக்கிறீர்களா?

தலைமை எழுத்தர்: (பெருமையுடன்) நானேதான் அணைக்கிறேன். கட்டடமும் பழையது, வயரிங்கும் பழையது என்பதால், தினமும் மாலையில் கடைசி ஆளாக மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் படியிறங்குவேன்.

இன்ஜினியர்: விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த ரவுட்டர் அணைந்தால் யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்ற கணக்கை மறந்துவிடும் வகையைச் சேர்ந்தது. காலையில் நீங்கள் மெயினை ஏற்றியதும், பிரிண்டர் சூடாகி எழுந்திருப்பதற்குள் ஊழியர்களின் கைப்பேசிகள் முந்திக்கொண்டு எண்களை வாங்கிவிடுவதால், பிரிண்டருக்கு மிச்சம் மீதி இருப்பதுதான் கிடைக்கிறது.

தலைமை எழுத்தர்: மெயினை அணைக்காமல் போகச் சொன்னால் எனக்கு இரவில் தூக்கம் வராது.

இன்ஜினியர்: தாராளமாக அணையுங்கள். ஒவ்வொரு பிரிண்டருக்கும் தயாரிக்கும்போதே பதித்த மேக் முகவரி ஒன்று உண்டு. எண்ணும் எழுத்துமாக 12 குறிகள். அதை ரவுட்டரில் எழுதி, இந்தக் குறிகளோடு வருபவருக்கு 14ஐத் தவிர வேறு எண்ணைக் கொடுக்காதே, வேறு யார் வந்து கேட்டாலும் 14ஐக் கொடுக்காதே என்று ஒதுக்கி வைத்துவிடுகிறேன். சிலர் பிரிண்டரிலேயே எண்ணைப் பூட்டிவிடுவார்கள். ரவுட்டர் பங்கிட்டுக் கொடுக்கும் வரிசைக்கு வெளியில் இருக்கும் எண்ணாகப் பார்த்துப் பூட்டாவிட்டால், ஒருநாள் இரண்டு சாதனங்கள் ஒரே எண்ணுக்கு உரிமை கோரும்.

தலைமை எழுத்தர்: ஒரே கதவெண்ணுக்கு இருவர் உரிமை கோரினால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்திலேயே இருக்கும் உயர் நீதிமன்றத்தில் போய்ப் பார்க்கலாம். நீங்கள் ரவுட்டரிலேயே எழுதிவிடுங்கள்.

(இன்ஜினியர் எழுதிவிட்டு, மூன்று பிரிண்டர்களையும் பட்டியலிலிருந்து நீக்குகிறார். தலைமை எழுத்தர் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை முகம் சுளிக்கிறார்.)

இன்ஜினியர்: இப்போது தானாகத் தேடும் வழியை விட்டுவிட்டு, ஐபி முகவரியைக் கையால் கொடுத்துச் சேர்க்கிறேன். தானாகத் தேடினால் விண்டோஸ் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற வழியைப் பிடித்துக்கொள்ளும். அது சில அலுவலகங்களில் ஒழுங்காக ஓடும், சில அலுவலகங்களில் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே பிரிண்டர் இல்லை என்று சொல்லும். எனக்கு டிசிபி/ஐபி வழியில்தான் நம்பிக்கை. போர்ட் எண் 9100. (நிமிர்ந்து) காட்டுப்பள்ளித் துறைமுகமும் இல்லை, எண்ணூர்த் துறைமுகமும் இல்லை, சார்.

தலைமை எழுத்தர்: நான் எதுவும் கேட்கவில்லையே.

இன்ஜினியர்: வாயைத் திறந்தீர்கள். இந்தத் தெருவில் நான் போன எல்லா அலுவலகங்களிலும் அதைத்தான் கேட்டார்கள். சரி, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும்.

தலைமை எழுத்தர்: அது முதலாளியின் மேசை இழுப்பறையில் ஒட்டிய உறையில் இருக்கிறது. முன்பெல்லாம் அடுத்த மேசைக் கணினியில் இருக்கும் பிரிண்டரைச் சொடுக்கினாலே வந்து ஒட்டிக்கொள்ளுமே, இப்போது எதற்கு இத்தனை கெடுபிடி?

இன்ஜினியர்: 2021இல் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் ‘பிரிண்ட் நைட்மேர்’ என்ற ஓட்டை வெளிவந்தது, சார். அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் அந்தச் சேவையின் வழியாகவே வெளியாள் உள்ளே நுழைந்து கணினியைக் கைப்பற்ற முடியும் என்பதால், அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல், பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரை நிறுவவும் அட்மின் அனுமதி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் மாற்றிவிட்டது.

தலைமை எழுத்தர்: பிரிண்டர் வழியாகத் திருடன் வருவானா? எங்களுக்குப் பிரிண்டர் வழியாகக் காகிதமே வரவில்லையே அம்மா.

(உறை வருகிறது, பிரிக்கப்படுகிறது, மீண்டும் ஒட்டப்பட்டு ஓரத்தில் கையெழுத்தும் இடப்படுகிறது. டிரைவர் ஏறுகிறது. சோதனைப் பக்கத்தை அனுப்பியதும் பிரிண்டர் ஒருமுறை உறுமிவிட்டு, மஞ்சள் விளக்கோடு நின்றுவிடுகிறது.)

தலைமை எழுத்தர்: மறுபடியும் மௌன விரதம்.

இன்ஜினியர்: இல்லை, சார், இப்போது கணினி சொல்வது அதற்குக் கேட்டுவிட்டது, தாளைத்தான் எதிர்பார்க்கிறது. டிரைவர் அமெரிக்க அளவான லெட்டரில் அமைந்திருக்கிறது. ஏ4 தாளின் அளவு 210க்கு 297 மில்லிமீட்டர். லெட்டர் 216க்கு 279.

தலைமை எழுத்தர்: நீளம் 18 மில்லிமீட்டர் குறைவு, அகலம் 6 மில்லிமீட்டர் அதிகம். நீளத்தைப் பையனை விட்டுக் கத்தரித்துவிடலாம். அகலத்துக்கு எங்கே போவது?

இன்ஜினியர்: கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். அமைப்பில் ஏ4 என்று மாற்றினால் போதும்.

(மாற்றுகிறார். சோதனைப் பக்கம் வருகிறது. தலைமை எழுத்தர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்க்கிறார்.)

தலைமை எழுத்தர்: இது நீங்கள் அனுப்பியது. நான் அனுப்பினால் வருமா? (அச்சிடும் பொத்தானைச் சொடுக்குகிறார்.) பாருங்கள், வழக்கம்போல என்னிடம் பெயர் கேட்கிறது.

இன்ஜினியர்: பெயரா? சார், இது பிரிண்டர் அன்று, பிடிஎஃப். தாளில் அச்சிடாமல் கணினியிலேயே கோப்பாகச் சேமித்துவிடும். கடைசியாகப் பயன்படுத்தியதையே முதன்மைப் பிரிண்டராக வைத்துக்கொள்ள விண்டோஸுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. எப்போதோ ஒருமுறை கை தவறி பிடிஎஃபைத் தொட்டிருக்கிறீர்கள், அதிலிருந்து பெரும்பாலும் அங்கேதான் போகிறது. அதைச் சரிசெய்துவிட்டேன். இவ்வளவு நாளும் பெயர் கேட்டபோது என்ன செய்தீர்கள்?

தலைமை எழுத்தர்: கேட்ட பிறகு சொல்லாமல் இருப்பது மரியாதை ஆகாது என்பதால், ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

இன்ஜினியர்: (கோப்புறையைத் திறந்து படிக்கிறார்) ‘பில் ஆஃப் என்ட்ரி’. ‘பில் ஆஃப் என்ட்ரி மறுபடியும்’. ‘தயவுசெய்து’. ‘மிகவும் அவசரம்’. ‘காளிகாம்பாள் துணை’. ‘காளிகாம்பாள் துணை 2’. இன்னும் கீழே போய்க்கொண்டே இருக்கிறதே! எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா?

தலைமை எழுத்தர்: கூடவே கூடாது அம்மா! அவை அலுவலக ஆவணங்கள். தணிக்கைக்கு வருபவர்கள் கேட்டால் நான் எதைக் காட்டுவது? நாள்வாரியாக ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி அச்சிட்டுக் கொடுங்கள், துளையிட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிடுகிறேன். இப்போதுதான் பிரிண்டர் வேலை செய்கிறதே.

இன்ஜினியர்: சார், அந்த மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று சொன்னீர்கள்?