எர்த்தைப் பார்க்காம மீட்டரைக் கழட்டாதீங்கய்யா!

பைக்குல பெட்ரோல் குறைஞ்சா எரிய வேண்டிய பெட்ரோல் லைட் எரியலன்னு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினா, பட்டறையில வர்ற முதல் வார்த்தை "மீட்டர் போயிருச்சுண்ணே", அதாவது ஹேண்டில் முன்னாடி இருக்கிற ஸ்பீடோமீட்டர் பெட்டி. மீட்டர் மாத்தியும் எரியலன்னா "டேங்க் யூனிட் போயிருச்சு", அதாவது டேங்குக்குள்ள பெட்ரோல் அளவு பார்க்கிற சென்சார். அதையும் மாத்தியாச்சு, அப்பவும் எரியல. கடைசியா "வயரிங் கிட்டையே மாத்திருவோம்". இவ்வளவுக்கும் நடுவுல ஒருத்தர்கூட வோல்ட், ஓம்ஸ் அளக்கிற மல்டிமீட்டரைக் கையில எடுக்கிறதில்ல. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டின்னு உப்புக்காத்து படுற ஊர்ல இந்த லைட் எரியலன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது கப்ளர்ல (வயருங்க சேருற பிளக்) பூத்த பச்சைக் களிம்பையும், பேட்டரி மைனஸுக்குப் போற எர்த் வயரையும்தான். அஞ்சு நிமிஷ சோதனை. அதைச் செய்யாம ஆயிரக்கணக்கில பில் போடுறது அநியாயம். வேற வார்த்தை இல்ல.

சின்ன லைட்டுதானேன்னு யாரும் சொல்லிறாதீங்க. கார்புரேட்டர் வண்டியில லைட் செத்தாலும் ரிசர்வ் இருந்துச்சு. வண்டி திணறும், டேங்குக்கு அடியில இருக்கிற ரிசர்வ் குழாயைத் திருப்பி விட்டுட்டு பங்க் வரைக்கும் போயிறலாம். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகைக்கட்டுப்பாடு வந்த பிறகு விக்கிற வண்டியெல்லாம் பெரும்பாலும் பம்பு வச்சுப் பெட்ரோலைப் பீய்ச்சுற இன்ஜெக்‌ஷன். ரிசர்வ் குழாயே கிடையாது. பம்பு டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கிக் கெடந்தாத்தான் அதுக்குக் குளிர்ச்சி. டேங்க் வறண்டு ஓடினா பம்பு சூடாகித் தேயும். அதாவது அந்த லைட் மட்டுந்தான் மிச்சமிருக்கிற ஒரே எச்சரிக்கை. ராமேஸ்வரத்துல இருந்து அரிச்சல்முனை போய்த் திரும்ப நாப்பது கிலோமீட்டருக்குக் குறையாது, தனுஷ்கோடியில பங்க் கிடையாது. அந்த ரோட்டுல பொண்டாட்டி பிள்ளையோட வண்டியைத் தள்ளவிடுற வேலைக்குக் கூலி வேற வாங்குறாங்க.

இந்தக் கரையில ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்கணும். சாப்பாட்டு உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானே தண்ணியை இழுத்துக் கரைஞ்சிரும். கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கு, அது 33 சதவீதத்துலயே இழுக்கும். அதனால கப்ளர்ல படிஞ்ச உப்பு வெயில் காலத்துலகூட முழுசாக் காயுறதில்ல. வாடைக்காத்துல வடகடல், கச்சான்ல (தென்மேற்குக் காத்து) தென்கடல். வருஷம் பூரா ஏதோ ஒரு பக்கத்து உப்புச்சாரல் வண்டி மேல விழுந்துக்கிட்டுத்தான் இருக்கும். பித்தளை முனை பச்சை பிடிக்கும். அதைவிட மோசம், ஈரம் பிவிசி உறைக்குள்ளயே ஏறி செம்பு இழையைக் கறுக்க வைக்கிறது. வெளிய பார்த்தா வயர் புதுசாட்டம் இருக்கும்.

இப்ப சோதனை. ஒரு அறிகுறிக்குக் கருவியே வேண்டாம். இண்டிகேட்டர் போட்டதும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து துடிச்சா பெரும்பாலும் பொது எர்த்தான் கெட்டிருக்கும், முதல்ல அங்க தேடுங்க. அப்படித் தெரியலன்னா மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வச்சு, கறுப்பு முனையை பேட்டரி மைனஸ்ல, சிவப்பு முனையை டேங்க் கப்ளரோட எர்த் வயர்ல பின்பக்கமாக் குத்துங்க. ஹோண்டா, ஹீரோன்னா எர்த் பச்சை வயர், யமஹான்னா கறுப்பு. கப்ளரைக் கழட்டக் கூடாது. சாவி போட்டு, ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் எரியணும். 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்ல எர்த். அரை வோல்ட், ஒரு வோல்ட்டுன்னு காட்டினா மீட்டர் மேல ஒரு குத்தமும் இல்ல.

அடுத்தது, உங்க வண்டியில இருக்கிறது எந்த வகைன்னு பாருங்க. ப்ளோட் (பெட்ரோல் மேல மிதந்து ஏறி இறங்குற மிதவை) வகைன்னா கப்ளரைக் கழட்டி டேங்க் பக்கம் ஓம்ஸ் அளக்கணும். பல வண்டியில டேங்க் நிறைஞ்சா 10 ஓம்ஸுக்குள்ள, காலின்னா 90, 100 பக்கம் வரும்; சிலதுல தலைகீழ். எண்ணைவிட முக்கியம், ப்ளோட்டை மெதுவா ஏத்தி இறக்கும்போது எண் சீரா மாறுதாங்கிறது. நடுவுல அறுந்து குதிச்சா யூனிட் தேய்ஞ்சிருக்கு, அப்ப மாத்துங்க. காலியானா ஓம்ஸ் கூடுற வண்டியில கப்ளர்ப் பச்சை 30 ஓம்ஸ் கூட்டிட்டா, நிறைஞ்ச டேங்கும் குறைவாக் காட்டும், லைட்டும் முன்கூட்டியே எரியும். மீட்டரைச் சோதிக்க, வயரிங் பக்கக் கப்ளர்ல 10 ஓம்ஸ் ரெசிஸ்டரையும் 100 ஓம்ஸையும் மாத்தி மாத்தி வையுங்க. முள்ளோ டிஜிட்டல் கட்டமோ மாறினா மீட்டர் நல்லா இருக்கு. டேங்க் யூனிட்டுக்கு பேட்டரியில இருந்து நேரா 12 வோல்ட் குடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி இருக்கிற இடம். டேங்கை இறக்குறதுக்கு முந்தி பேட்டரி மைனஸைக் கழட்டிருங்க.

முள் இல்லாம வெறும் லைட் மட்டும் இருந்தா அது தெர்மிஸ்டர் (சூட்டைப் பொறுத்து ரெசிஸ்டன்ஸ் மாறுற சென்சார்) வகையா இருக்கும். பெட்ரோல்ல முங்கியிருக்கிற வரைக்கும் குளிர்ந்து, ரெசிஸ்டன்ஸ் கூடுதலா இருக்கும், லைட் எரியாது. பெட்ரோல் இறங்கினதும் தன் கரண்ட்டுலயே சூடாகி ரெசிஸ்டன்ஸ் விழும், லைட் எரியும். சாவி போட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு எரியுறது கோளாறு இல்ல. சோதிக்க, வயரிங் பக்கம் ரெண்டு வயரையும் சேர்த்துப் பாருங்க. பல்ப் எரிஞ்சா வயரிங் சரி, சென்சார் பக்கம் கோளாறு. எரியலன்னா பல்ப், பியூஸ், எர்த். கப்ளரைக் கழட்டியும் லைட் அணையலன்னா டேங்குக்கு அடியிலயோ ஹேண்டில் கழுத்துலயோ வயர் உரசி பாடியில ஒட்டுது.

இந்த இடத்துல நடக்கிற கூத்துதான் தாங்க முடியல. பல்ப் போச்சுன்னு எல்இடி மாட்டி விடுறாங்க! அந்த சென்சார் 3.4 வாட் பல்புக்குக் கணக்குப் போட்டுச் செஞ்சது, 0.28 ஆம்பியர் ஓடினாத்தான் அது சூடாகும். எல்இடி இழுக்கிறது இருபது மில்லி ஆம்பியர்கூட இருக்காது. சென்சார் எப்படிச் சூடாகும்? எப்பப் பார்த்தாலும் மங்கலா எரியும், எது நிஜ எச்சரிக்கைன்னே தெரியாது. அதே வாட் பல்ப் போடுங்கய்யா.

அடுத்து, முறுக்கி டேப் சுத்துறது. இந்த ஊர் வெக்கையில டேப் பசை இளகும், உப்புத்தண்ணி உள்ள நிக்கும், ஒரு மழைக்காலம் தாங்காது. கறுத்த இழை மேல ஈயமும் ஒட்டாது. பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டி, படகு வேலைக்கு வர்ற வெள்ளீயம் பூசின வயர் அரை சதுர மில்லிமீட்டர்ல போட்டு, புது முனையைக் கிரிம்ப் பண்ணி (அழுத்திப் பிடிக்க வச்சு), உள்ள பசை இருக்கிற, சூடு காட்டினா சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் ஏத்துங்க. கப்ளரைக் கான்டாக்ட் கிளீனர் அடிச்சுக் காயவிட்டு சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. வாசலின் பேட்டரி முனைக்குச் சரி, கப்ளரோட ரப்பர் சீலை ஊத வச்சிரும். எர்த் போல்ட் டேங்குக்கு அடியிலயோ பேட்டரி பக்கமோ இருக்கும். கழட்டி, பெயிண்டைச் சுரண்டி, இறுக்கின பிறகு மேல கிரீஸ் பூசணும்.

மீன்பெட்டி கட்டுற வண்டிக்காரங்களுக்குத் தனியாச் சொல்லணும். ஐஸ் உருகின தண்ணி சீட்டுக்கு அடியில பியூஸ் பெட்டிக்குத்தான் நேரா இறங்குது. பெட்டி ஓட்டையில ட்யூப் மாட்டி வெளிய இறக்கி விடுங்க. தனுஷ்கோடி போய் வந்து வாட்டர் சர்வீஸ் விட்டா டேங்குக்கு அடியில பிரஷர் அடிக்கவே விடாதீங்க, நல்ல தண்ணியை மெதுவா ஊத்திக் கழுவினாப் போதும்.

மீட்டர் மாத்தணும்னு சொல்ற பட்டறையில ஒண்ணு கேளுங்க: "எர்த்துல எத்தனை வோல்ட் காட்டுச்சு?" அளந்து காட்டச் சொல்லுங்க. காட்டாம மாத்தினா பழைய சாமானைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. நல்லா இருக்கிற சாமானா இருந்தா அதைக் கொண்டுபோய் அவங்க மேசையிலயே வச்சு, காசைத் திருப்பிக் கேளுங்க.