பேரன் ஒரு கிரிமினல்

(அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து யூமா. மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பா, ஊரில் ஜெயில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறார்.)

அப்பா: இங்கே வா. யார் சட்டை இது?

மகள்: உங்கள் பேரனுடையதுதான்.

அப்பா: ‘கிரிமினல்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. என்ன கேஸ்?

மகள்: கேஸுமில்லை, கீஸுமில்லை. யூமா உயர்நிலைப் பள்ளி அணியின் பெயரே அதுதான்.

அப்பா: புலி, சிங்கம் எதுவும் மிச்சமில்லையா?

மகள்: ஊர்ச் சரித்திரம்ப்பா. கொலராடோ ஆற்றங்கரை மேட்டில் பழைய ஜெயில் பார்த்தோமே, 1876இல் திறந்தது…

அப்பா: முதல் ஏழு கைதிகளும் தாங்கள் கட்டிய அறையிலேயே அடைபட்டார்கள் என்றாயே, அதுவா? வேலை வாங்கினால் அப்படி வாங்க வேண்டும்! எங்கள் ஆட்கள் ஒரு சுவருக்கு வெள்ளையடிப்பதற்குள் தண்டனையே முடிந்துவிடும்.

மகள்: 1909இல் கைதிகளை இதே மாநிலத்து ஃப்ளாரன்ஸ் ஊர் ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள். ஜெயில் காலி, பள்ளிக்கோ இடமில்லை. 1910 முதல் 1914 வரை வகுப்பெல்லாம் அங்கேதான்.

அப்பா: கம்பிக்குள் கணக்குப் பாடமா! வாத்தியார் கொடுத்துவைத்தவர். ஒரு பயல் நழுவ முடியாது.

மகள்: அப்போது ஃபீனிக்ஸ் பள்ளியோடு ஃபுட்பால் ஆட்டம். யூமா ஜெயித்துவிட்டது. தோற்ற எரிச்சலில் அவர்கள் ‘கிரிமினல்ஸ்’ என்று கத்தினார்களாம். முதலில் இவர்களுக்குக் கோபம். அப்புறம், இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். 1917இல் நிர்வாகமே ஏற்றுக்கொண்டது.

அப்பா: பட்டப்பெயர் வைத்தவனுக்கே பட்டை நாமம்!

மகள்: பள்ளியில் சட்டை, தொப்பி விற்கிற கடைக்குப் பெயர் ‘செல் பிளாக்’. கைதிகளின் அறை வரிசை!

அப்பா: சரிதான். அப்படியென்றால் நேற்று நீ போனது பெற்றோர் கூட்டத்துக்கு இல்லை. கைதியை மனு போட்டுப் பார்க்கப் போயிருக்கிறாய்.

மகள்: அப்பா!

அப்பா: பையன் எப்படியாம்?

மகள்: கணக்கில்தான் கொஞ்சம் மந்தம். மற்றபடி தங்கமான பிள்ளை என்கிறார்கள்.

அப்பா: நன்னடத்தையா? தண்டனைக் குறைப்பு உண்டு.

மகள்: போதும்ப்பா. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு ஆட்டம். வருகிறீர்களா?

அப்பா: ஆறு மணிக்கு எண்ணிப் பார்த்துப் பூட்ட வேண்டியவர்களை, ஏழு மணிக்குத் திறந்துவிட்டு ‘ஓடு, ஓடு’ என்று கைதட்டுவீர்களா?

மகள்: ஆமாம். உங்களுக்கும் ஒரு சட்டை வாங்கட்டுமா?

அப்பா: வாங்கு. ‘வார்டர்’ என்று போட்டது இருக்கிறதா கேள்.